இரண்டு மில்லிமீற்றர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு றாஸிக் ஒரு வேனுக்குக் கீழே படுத்துக் கிடந்தான். பிரேக் குழாயின் நட்டு ஒன்று துருவேறி இறுகிப்போய் அசைய மறுத்தது. வலது மணிக்கட்டு வலித்தது. போன நோன்புக்கு முன்பிருந்தே வலிக்கிற மணிக்கட்டு அது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மூன்றாம் தரமும் அதிர்ந்தபோதுதான் முதுகால் ஊர்ந்து வெளியே வந்தான்.

"காக்கா, அஸ்கிட லொறி மஹியங்கனை மலை றோட்டில, பதினெட்டு வளைவில மலையோட அடிச்சிட்டாம்," என்றான் மருதமுனையிலிருந்து பேசிய ஒரு சாரதி. "பிரேக் இல்லாமப் போச்சாம்."

"ஆள் இரிக்கானா?"

"இரிக்கான். கால் முறிஞ்சிட்டு. வேற ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

அடுத்ததாகக் கேட்க வேண்டியது எந்த பிரேக் போனது என்பதுதான். றாஸிக் அதைக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். கையிலிருந்த நட்டுச் சாவி எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை.

கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போகிற பாதையில் அவனுடைய கராஜ் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக பிரேக் வேலை மட்டும்தான். ஊரில் அவனை 'பிரேக் றாஸிக்' என்றால்தான் தெரியும். இளையவர்களுக்கு அவன் 'காக்கா', அண்ணன் முறை. அஸ்கி ஓட்டிய லொறி வீரமுனைக் கனகசபாபதியுடையது. நெல் ஆலை வைத்திருக்கிற அவருக்கு மூன்று லொறிகள். அரிசியை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும். திரும்பும்போது மலைநாட்டு மரக்கறியோடு வரும். மூன்றில் பழையதை ஒன்பது வருடமாக அஸ்கி ஓட்டினான். அந்த லொறிக்கு பிரேக் லைனர் மாற்றி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மாற்றியது றாஸிக்.

அன்றைக்கு நடந்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. பின் சக்கரம் இரண்டையும் கழற்றி, சக்கரத்தோடு சுழல்கிற, லைனர் உரசிப் பிடிக்கிற இரும்புச் சட்டியான ட்ரம்மைத் துடைத்து, உள்வட்டத்தை அளந்தான். ஒவ்வொரு ட்ரம்மிலும் அதைச் செய்தவன் ஓர் எண்ணை வார்ப்பிலேயே போட்டிருப்பான். அந்த அளவுக்கு மேல் தேய்ந்தால் கழற்றி எறி என்று அர்த்தம். இரண்டு ட்ரம்மும் அந்த அளவை இரண்டு மில்லிமீற்றர் தாண்டியிருந்தன. லேத்தில் கொடுத்துக் கொடுத்துக் கடைந்து, இனிக் கடைய இரும்பு மிச்சமில்லை.

கனகசபாபதிக்குப் போன் எடுத்தான்.

"முதலாளி, பின் ட்ரம் ரெண்டும் சரிவராது. மாத்தோணும்."

"இப்ப அதின்ர விலை தெரியும்தானே தம்பி? கொழும்பிலயும் சாமான் இல்லையாம். லைனரைப் போட்டு விடு. அடுத்த போகம் வெட்டினாப் பிறகு பாப்பம்."

"மலையில இறங்கிற லொறி முதலாளி."

"அஸ்கி என்ன நேத்துப் பழகினவனா? போட்டு விடு."

றாஸிக் போட்டு விட்டான். புது லைனர், புது ரப்பர், நல்ல எண்ணெய். வேலை சுத்தம். பொத்துவில் றோட்டில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் நன்றாகப் பிடித்தது. மேடுபள்ளமில்லாத கடற்கரை றோட்டில் எல்லா பிரேக்கும் நன்றாகத்தான் பிடிக்கும்.

அஸ்கியை இரண்டாம் நாள் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஒரு வீடியோ ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. லொறிக்கு முன்னால் போன ஜீப்பில் இருந்தவர்கள் எடுத்தது. மரக்கறிப் பெட்டிகள் றோட்டில் சிதறிக் கிடக்க, மண் மேட்டில் மூக்கைக் குத்திய லொறியைக் காட்டி, பிரேக் பார்க்காத லொறிகளை யார் றோட்டில் விடுவது என்று ஒருவர் சிங்களத்தில் திட்டினார். அதற்குக் கீழே நம்முடைய ஆட்கள் தமிழில் எழுதினார்கள். ஒருவன் றாஸிக்கின் பெயரையே போட்டிருந்தான். புதன்கிழமை காலை, வேலைக்கு விட்டிருந்த ஒரு வேனையும் ஒரு பிக்கப்பையும் சொந்தக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். ஒருவர் மகளின் கலியாணம் என்றார். மற்றவர் சாவியை மட்டும் கேட்டு வாங்கினார்.

"இஞ்சாருங்க, நீங்க ஒண்டும் பிழையா செய்யல்லதானே?" என்று வீட்டில் மனைவி சுல்பிகா கேட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த றாஸிக் தலையைத் தூக்கவில்லை.

"லைனர் புதிசு," என்றான்.

அன்று பின்நேரம் அஸர் தொழுதுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அஸ்கியின் இடது கால் தொடை வரைக்கும் மாக்கட்டில் இருந்தது. நெற்றியில் தையல். பக்கத்தில் அவன் மனைவி றிபா பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"இரிங்க காக்கா," என்றான் அஸ்கி.

"எப்பிடி நடந்த?"

அஸ்கி கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். மேலே இருந்து இறங்கும்போது நல்ல வெயில். லீக்ஸும் கரட்டும் மேலே வரைக்கும் ஏற்றியிருந்தது. இரண்டாம் கியரில்தான் இறங்க வேண்டும். ஆனால் அந்தக் கியர் நிற்காது. பாரம் தள்ளினால் கழன்று விழும். இரண்டு மாதமாக முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் மூன்றில் போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து வந்தான்.

"ஏழாம் வளைவிலயே மணந்த காக்கா. லைனர் எரியிற மணம். நிப்பாட்டி ஆற விட்டிருக்கோணும். மரக்கறி வாடினா முதலாளி கதைப்பார், பகலைக்குள்ள மார்க்கட்டுக்குப் போகோணும் எண்டு நினைச்சன். கொஞ்சம் பொறுத்தாச் சமதரை வந்திடும் எண்டு நினைச்சன்."

"மறுகா?"

"முன்னால ஒரு ஜீப். புதிசு. குரங்கு ஒண்டு றோட்டுக்குக் குறுக்க வந்திட்டு. ஜீப்காரன் ஒரு மிதி மிதிச்சான். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக், அப்பிடியே ஆணி அடிச்ச மாதிரி நிண்டிட்டு. நானும் மிதிச்சன். பெடல் அடிவரைக்கும் போயிட்டு. ஒண்டுமே இல்ல காக்கா, தண்ணிக்குள்ள கால வச்ச மாதிரி. ஜீப்புக்குள்ள பின்னால ரெண்டு புள்ளையள் திரும்பி என்னப் பாத்துச் சிரிக்கிதுகள். ஒரு பக்கம் பள்ளம், மத்தப் பக்கம் மலை. மலைக்கு வெட்டினன்."

றிபா உரித்த பழத்தை யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு றாஸிக்கைப் பார்த்தாள்.

"காக்கா, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. ஒங்கட வேலை சரிதானே?"

அவள் கேட்ட விதத்தில் குற்றம் சாட்டல் இல்லை. அதுதான் அவனைப் போட்டு அழுத்தியது. "லைனர் புதிசு புள்ள. எண்ணெயும் புதிசு," என்றான். அவள் தலையாட்டினாள். அஸ்கி கூரையை விட்டுக் கண்ணை எடுத்து றாஸிக்கைப் பார்த்தான். ட்ரம் தேய்ந்ததை அவனும் லைனர் மாற்றிய அன்று கராஜில் நின்று கண்டவன்தான்.

வியாழக்கிழமை விடியக் கனகசபாபதி தன்னுடைய டபுள் கப் வாகனத்தோடு கராஜ் வாசலுக்கு வந்தார். வாகனப் பரிசோதகர் லொறியைப் பார்க்க வருகிறாராம். மலையடிவாரத்துப் பொலிஸ் முற்றத்தில் நிற்கிறதாம். சக்கரம் கழற்ற ஒரு ஆள் வேண்டும், யாரையாவது கூட்டி வரச் சொன்னார்களாம்.

"நீயே வா தம்பி. உன்ர வேலைதானே, உனக்குத்தானே தெரியும்."

அம்பாறை தாண்டி, மகாஓயா தாண்டி, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வயல்களில் கதிர் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கனகசபாபதி நல்ல மனிதர்தான். கொவிட் காலத்தில் வேலையில்லாமல் இருந்தபோது அஸ்கி வீட்டுக்கும் றாஸிக் வீட்டுக்கும் அரிசி மூட்டை அனுப்பியவர். அதையும் றாஸிக் அந்தப் பாதை முழுக்க நினைத்துக்கொண்டே வந்தான்.

"ஏன் தம்பி, என்ர லொறிக்கும் டிஸ்க் போட்டிருந்தா இது நடந்திருக்காது என்ன? அந்த ஜீப் நிண்ட மாதிரி நிண்டிருக்கும்."

"அதுக்கு அச்சில இருந்து மாத்தோணும் முதலாளி. பழைய லொறிக்குச் சரிவராது."

"அப்ப ட்ரம் கூடாதுதானே?"

"கூடாது எண்டு செல்ல ஏலா. பாரத்தை இறுக்கிப் பிடிக்கும். வயல் சேத்துக்குள்ள இறங்கினாலும் உள்ளுக்குச் சேறு போறது குறைவு. ஆனா மூடின சட்டிதானே, சூடு வெளிய போக நேரமெடுக்கும். சூடானா ட்ரம் விரியும், லைனர் எட்டாது, பெடல் கீழ போகும். டிஸ்க் காத்துப்பட ஓடுறது, கெதியா ஆறும். அதுவும் சூடானாப் பிடி குறையும்தான், எண்டாலும் இந்தளவு இல்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "ட்ரம் தடிப்பா இருந்தாத் தாங்கும் முதலாளி. தேஞ்சிட்டா அந்தச் சூட்டை வாங்க இரும்பு இல்ல."

கனகசபாபதி கண்ணாடியைச் சரிசெய்தார். மஹியங்கனைப் பாலம் நெருங்கும்போது சொன்னார்:

"பரிசோதகர் கேட்டா லைனர் புதிசு எண்டு காட்டு. ஒழுக்கு ஒண்டும் இல்லை எண்டு காட்டு. மூண்டாம் கியரில இறக்கினது அவன்ர பிழைதானே. அவனை நான் கைவிட மாட்டன், வீட்டைப் பாத்துக்கொள்ளுவன். ட்ரம் கதை எடுத்தா உனக்கும் கூடாது, எனக்கும் கூடாது."

றாஸிக் வெளியே பார்த்தான். "ஓம்," என்று சொன்னானா, சும்மா இருமினானா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

பொலிஸ் முற்றத்தில் லொறி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றது. முன்கண்ணாடி இல்லை. உள்ளே சாரதி இருக்கைக்குப் பின்னால் றிபா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி மூடி திறந்தபடி கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. பரிசோதகர் ஐம்பது வயதுச் சிங்களவர், கொஞ்சம் தமிழ் தெரியும். அன்றைக்குப் பார்க்க இன்னும் நான்கு வாகனம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்தார்.

றாஸிக் ஜாக் போட்டுப் பின் சக்கரத்தைக் கழற்றினான். ட்ரம் வர மறுத்தது. சுத்தியலால் சுற்றிவரத் தட்டித் தட்டி இழுத்தான். கழன்று விழுந்தபோது மூவரும் குனிந்து பார்த்தார்கள். உள்பக்கம் மயிலின் கழுத்து மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. தலைமயிர் போல மெல்லிய வெடிப்புகள். பத்து நாளைக்கு முன் போட்ட லைனர் கருகிக் கண்ணாடி போலப் பளபளத்தது. அந்த மணம் இன்னும் போகவில்லை.

பரிசோதகர் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பார்த்தார். ஒழுக்கு இல்லை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். நிறைந்திருந்தது.

"லைனர் அலுத்," என்றார். புதிது. "எண்ணெய் சரி. சூடுதான். டிறைவர் கூடின கியரில வந்திருக்கார், பிரேக் பிடிச்சுப் பிடிச்சு. எல்லாரும் இப்பிடித்தான்." கடதாசியை மடியில் வைத்து எழுதத் தொடங்கினார்.

கனகசபாபதி மூச்சு விட்டது றாஸிக்குக்குக் கேட்டது.

அவ்வளவுதான், முடிந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். சக்கரத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். றாஸிக்குக்கு அப்போது துணிவு ஒன்றும் வந்துவிடவில்லை. மூன்று நாளாக "லைனர் புதிசு, லைனர் புதிசு" என்று சொல்லி வாய் அலுத்திருந்தது. சுல்பிகாவிடம் சொன்னதையும் றிபாவிடம் சொன்னதையும் இனிக் கோர்ட்டிலும் சொல்ல வேண்டும், அஸ்கி நொண்டி நடந்து வரும்போதெல்லாம் சொல்ல வேண்டும். பொய்யைக் கட்டிக் காக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். அது அவனிடம் இல்லை.

பையிலிருந்து அளவுகோலை எடுத்துப் பரிசோதகரிடம் நீட்டினான்.

"மாத்தயா, உள்வட்டத்த அளந்து பாருங்க."

பரிசோதகர் நிமிர்ந்து பார்த்தார். பேனையைக் காதில் செருகிவிட்டுக் குந்தினார். அளந்தார். ட்ரம்மில் வார்த்திருந்த எண்ணை விரலால் துடைத்து வாசித்தார். இன்னொரு தரம் அளந்தார்.

"ரெண்டு கூட," என்றார். "இது எறிய வேண்டிய சாமான். யார் போட்டது?"

"நான்தான்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான். அளந்து பாத்துத்தான் போட்டன். மாத்தச் சொன்னன், மாத்த வசதிப்படல்ல. நான் போட்டிருக்கப்படாது." பிறகு அதையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "ரெண்டாம் கியரும் நிக்காது மாத்தயா. கியர்ப் பெட்டியக் கழட்டினா விளங்கும். அதனாலதான் அவன் மூண்டில வந்த."

பரிசோதகர் எழுதியிருந்த கடதாசியைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்தார். புதுக் கடதாசி எடுத்தார். அவருக்கும் அலுப்புத்தான், நான்கு வாகனம் காத்திருக்கிறதே என்ற அலுப்பு. ஆனாலும் முதலிலிருந்து எழுதினார். றாஸிக் கையொப்பம் வைத்தான். கனகசபாபதி வாகனச் சொந்தக்காரர் என்ற இடத்தில் கையொப்பம் வைக்கும்போது பேனை கடதாசியைக் கிழித்தது.

திரும்பும் வழியில் அம்பாறைக்கு வந்ததும் அவர் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார்.

"இறங்கி பஸ்ஸில போ தம்பி. உன்னையும் மாட்டி என்னையும் மாட்டிப்போட்டாய்."

"ஓம் முதலாளி."

"அவனுக்கு நான் செய்ய மாட்டன் எண்டா நினைச்சாய்?"

"செய்வீங்க. அது எனக்குத் தெரியும்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். றாஸிக் சாவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்முனை பஸ்ஸுக்கு நின்றான். முதல் பஸ்ஸில் இடமில்லை. இரண்டாவதில் நின்றுகொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, மஃரிபைத் தொழுதுவிட்டு சுல்பிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஏசவில்லை. "அண்டைக்கே செல்லியிருக்கலாம் எனக்கிட்ட," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் றிபாவிடமும் சொன்னான். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு எழுந்து வெளியே போய்விட்டாள். அஸ்கிதான், "விடுங்க காக்கா. நானும் கண்டனான், ஓட்டினனான்," என்றான். றிபா இன்று வரைக்கும் றாஸிக்கோடு முன்போலக் கதைப்பதில்லை. எதிரே கண்டால் சலாம் சொல்வாள், அவ்வளவுதான்.

வழக்கு மூன்று தவணை போனது. சொந்தக்காரருக்கும் றாஸிக்குக்கும் தண்டம் விதித்தார்கள். அஸ்கியின் லைசனைப் பறிக்கவில்லை. அதற்கு அந்த அறிக்கைதான் காரணம் என்று அவனுடைய சட்டத்தரணி சொன்னார். கனகசபாபதி சொன்னபடி அஸ்கியின் வீட்டைப் பார்த்தார். கால் நேரானதும் ஆலையில் நிறுவை பார்க்கும் வேலை கொடுத்தார். மலைக்கு மட்டும் அவன் போக மாட்டேன் என்றுவிட்டான். மற்ற இரண்டு லொறிகளும் றாஸிக்கின் கராஜுக்கு வருவது நின்றது. இன்னும் சிலரும் வரவில்லை. கேட்டதைப் பூட்டித் தந்துவிட்டுக் கோர்ட்டில் போய்ச் சாட்சி சொல்கிறவனிடம் ஏன் போக வேண்டும் என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. றாஸிக் கார்களுக்கு டிஸ்க் பிரேக் பாட் மாற்றிக்கொண்டும், முச்சக்கர வண்டிகளுக்கு பிரேக் கேபிள் போட்டுக்கொண்டும் நாளைக் கழித்தான். மணிக்கட்டுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

மார்கழி மழை விட்டிருந்த ஒரு காலை. கனகசபாபதியின் இரண்டாவது லொறி கராஜுக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் துலக்சன், வீரமுனைக்காரன், கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகாதவன். றாஸிக்கை அண்ணன் முறையில் 'நானா' என்பான்.

"நானா, முதலாளிக்குத் தெரியாது நான் வந்தது. வேற கராஜிலதான் லைனர் போட்டது. இதை ஒருக்கா அளந்து சொல்லுங்கோ. நாளைக்குக் கண்டிக்குப் போறன்."

றாஸிக் பின் சக்கரம் இரண்டையும் கழற்றி அளந்தான். ஒரு ட்ரம் சரி. மற்றது எல்லையைத் தொட்டு நின்றது.

"இன்னும் தாண்டல்ல. ஆனா கிட்ட வந்திட்டு."

"அப்ப போகலாமா?"

"போகாத எண்டு செல்லத்தான் விருப்பம்."

"நான் போகாட்டி வேற ஆள் போவான் நானா."

றாஸிக் சக்கரத்தைப் பூட்டினான். போல்ட் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இறுக்கினான். பிறகு மண்ணில் குந்தியிருந்தபடியே சொன்னான். "மேல நிண்டு இறங்கக்குள்ளயே ரெண்டாம் கியரப் போடு. மறுகா மாத்தாத. அஞ்சாம் வளைவில ஒருக்கா நிப்பாட்டு. பத்தில ஒருக்கா நிப்பாட்டு. மணந்தா எந்த இடமெண்டாலும் நிப்பாட்டு, பின்னால நிக்கிறவன் ஹோன் அடிச்சா அடிக்கட்டும். சில்லுக்குத் தண்ணி ஊத்தாத, ட்ரம் வெடிச்சிரும். தானா ஆறட்டும். கீழ வந்திட்டு எனக்கு ஒரு கோல் எடு."

"சரி நானா."

மூன்றாம் நாள் காலை பத்து மணியிலிருந்து றாஸிக் போனைச் சட்டைப் பையில் வைக்காமல் வேலை மேசையில் வைத்திருந்தான். பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. ளுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிக்குப் போய் வந்தான். ஒன்றரைக்குப் போன் அடித்தது.

"இறங்கிட்டன் நானா. நாலு தரம் நிப்பாட்டினன், அதான் பிந்திட்டுது."

"மணந்ததா?"

"கொஞ்சம். பன்ரெண்டாம் வளைவில."

"சரி. சாப்பிட்டியா?"

"இனித்தான்."

"சாப்பிட்டுட்டு மெதுவா வா. திரும்ப எப்ப போற?"

"சனிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை பின்நேரம் கொண்டா. அளப்பம்," என்றான் றாஸிக். போனை வைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த முச்சக்கர வண்டிக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தினான்.